செத்தவீடு சொல்லும் குரல்

அரிப்பிலிருந்து சிலாவத்துறை வரைக்கும், ஆற்றைக் கடந்தால் நானாட்டான் வயல் ஊர்கள் வரைக்கும், யாகப்பரின் முகத்தைத் தெரியாதவர்கள் நிறையப் பேர். குரலைத் தெரியாதவர்கள் இல்லை. ஒரு வீட்டில் ஆள் இறந்துவிட்டால், சவப்பெட்டிக்கு ஆள் அனுப்பும்போதே யாகப்பருக்கும் சொல்லி அனுப்புவார்கள். கூரையில் இரண்டு ஒலிபெருக்கிக் குழாய் பூட்டிய ஓட்டோ ஒன்று ஊர்ந்து வரும். கூப்பிடுகிற மாதிரியும் இல்லாமல், அழுகிற மாதிரியும் இல்லாமல், பக்கத்துக் கதிரையில் இருந்து சொல்லுகிற மாதிரி ஒரு குரல் அதிலிருந்து வரும். பெண்கள் அடுப்பைத் தணித்துவிட்டுப் படலைக்கு வருவார்கள். வலை பொத்துகிறவர்கள் ஊசியை நிறுத்துவார்கள். யார் போனது என்று தெரிய வேண்டுமே.

அந்த வேலைக்கு யாகப்பர் தனக்கென்று சில ஒழுங்குகளை வைத்திருந்தார். இந்து வீடென்றால் சிவபதமடைந்தார், தகனக் கிரியை. கத்தோலிக்க வேதக்காரர் வீடென்றால் இறைபதமடைந்தார், சேமக்காலை. இஸ்லாமிய வீடென்றால் வபாத்தானார், ஜனாஸா, மையவாடி. ஒரு சொல்லை மாற்றிப் போட்டாலும் செத்தவரை இன்னொரு தரம் சாகடித்த மாதிரி என்று நினைப்பார். முக்கியமான வரியை எப்போதும் இரண்டு தரம் சொல்லுவார், இரண்டாந்தரம் இன்னும் ஆறுதலாக, நிறுத்தி நிறுத்தி. முதல் தரம் காதுக்கு, இரண்டாந்தரம் மனதுக்கு என்பார். யாரும் படிப்பித்த பாடம் இல்லை. இளவயதில் மடு மாதா கோயில் யாத்திரைக்குப் போன கூட்டத்தில் தொலைந்த பிள்ளைகளின் பெயரை மைக்கில் சொல்ல விட்டார்கள். கத்திச் சொன்னால் தாய்மார் இன்னும் பதறுகிறார்கள், தணித்துச் சொன்னால் காது கொடுக்கிறார்கள் என்று அன்றைக்குக் கண்டுகொண்டார். பிறகு யுத்தத்தில் ஊரே இடம்பெயர்ந்து நானாட்டான் பள்ளிக்கூடத்தில் கிடந்த காலத்தில், சாப்பாட்டு வரிசைக்கும் செத்த செய்திக்கும் அந்தக் குரலையே பாவித்தார்கள். அப்படித்தான் அது அவருக்குத் தொழிலானது.

ஓட்டோவும் குழாயும் சரிபுதீனுடையவை. சரிபுதீன் சிலாவத்துறை ஆள், யாகப்பரைவிட வயதில் இளையவர். தொண்ணூறாம் ஆண்டில் ஆயுதம் ஏந்திய தமிழ் இயக்கம் முஸ்லிம்களை வடக்கை விட்டுப் போகச் சொன்னபோது கட்டிய துணியோடு கற்பிட்டிப் பக்கம் போய், யுத்தம் முடிந்த பிறகு திரும்பி வந்த குடும்பம். வந்த புதிதில் ஒரு கத்தோலிக்கச் செத்தவீட்டுக்கு ஓட்டோ கேட்டுப் போனார் யாகப்பர். அன்றிலிருந்து இருவரும் ஒன்றாகவே வேலை செய்தார்கள்.

ஓட்டுகிறவரும் கதைக்கிறவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாது. ஆனால் சரிபுதீனின் இடக்கை பின்னுக்கு நீண்டு விரல்கள் மடங்கினால் யாகப்பர் மைக்கை மூடிவிடுவார். பள்ளிவாசலில் தொழுகை நடக்கும், தேவாலயத்தில் பூசை நடக்கும், பள்ளிக்கூடத்தில் சோதனை நடக்கும், அல்லது கைக்குழந்தையை ஏணையில் போட்டுவிட்டு ஒரு தாய் படலையில் நிற்பாள். விரல் விரிந்தால் திரும்பவும் பேசுவார். ஒரு ஊரைத் தாண்டுவதற்குள் அந்த விரல்கள் பல தரம் மடங்கி விரியும்.

சிலாவத்துறையில் வேலை இருக்கும் நாட்களில் சரிபுதீன் வீட்டு வாசலில் நின்று பிளேன்ரீ குடிப்பார்கள். சரிபுதீன் ராத்தா என்று கூப்பிடுகிற அக்கா நயீமா, புருசனைக் கற்பிட்டி முகாமில் பறிகொடுத்தவர், கதவுச் சீலைக்குப் பின்னால் இருந்து தட்டத்தை நீட்டுவார். யாகப்பரின் முன்னால் அவர் வந்ததே இல்லை. குரலோடுதான் பழக்கம்.

"இண்டைக்கு ஆர் தம்பி?" என்று உள்ளே இருந்து கேட்பார்.

யாகப்பர் சொல்லுவார். நயீமா அந்த ஆளுக்காக ஒரு துஆ ஓதுவார், எந்தச் சமயத்து ஆளாக இருந்தாலும்.

தேர்தல் வந்தால் செத்தவீட்டு வேலையோடு கட்சி வேலையும் சேரும். முந்தின தேர்தல்களில் காலையில் ஒரு கட்சி, பின்னேரம் மற்றக் கட்சி. அதற்கு வேறு குரல் வைத்திருந்தார், மேடைக் குரல், கொஞ்சம் எடுப்பானது. கரையோர வாடியில் மீன் தரம் பிரிக்கிறவர்கள் அவரை விடமாட்டார்கள்.

"யாகப்பரண்ணை, காலமை இவருக்குப் போடச் சொன்னியள், இப்ப அவருக்குப் போடச் சொல்லுறியள். நீங்கள் ஆருக்குப் போடப் போறியள்?"

"கடைசியா எவன் எனக்குச் சோடா வாங்கித் தாறானோ, அவனுக்கு."

"அப்ப நீங்கள், சரிபு நானா?"

"அண்ணை போடுறவருக்குத்தான் நானும்," என்பார் சரிபுதீன். "ஓட்டோ ஒண்டுதானே."

கடந்த பிரதேச சபைத் தேர்தலில் அந்தப் பகிடி எடுபடவில்லை. றோட்டைப் பற்றியோ தண்ணீரைப் பற்றியோ யாரும் கேட்கவில்லை. சபைக் கதிரையில் யாருடைய ஆள் இருக்கப் போகிறான் என்பதே கேள்வி. வேதக்காரர் இத்தனை, முஸ்லிம்கள் இத்தனை, சைவக்காரர் இத்தனை என்று தேநீர்க் கடையில் விரல் விட்டு எண்ணினார்கள். பூசை முடிந்து வெளியே வருகிறவர்கள் முற்றத்தில் நின்று தணிந்த குரலில் கதைத்தார்கள். அந்தப் பக்கத்தில் தொழுகை முடிந்து வருகிறவர்களும் அப்படித்தான் நின்றார்கள் என்று சரிபுதீன் சொன்னார்.

அரிப்பில் சுயேச்சைக் குழுவுக்குத் தலைமை தாங்கியவன் றொகான். யாகப்பரின் மனைவி றோசம்மாவுக்கு உடன்பிறந்த தமையனின் மகன். ஐஸ் கொம்பனி ஒன்றுக்கு முகவராக இருந்து முன்னுக்கு வந்தவன், வேதக்கோயில் சபையில் முன்வரிசை. ஒரு பின்னேரம், தன்னோடு பிரசாரத்துக்குத் திரிகிற பிரசாந்தன் என்ற பெடியனையும் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தான்.

"மாமா, ஒண்டு கேக்கிறன், கோவிக்கப்படாது. இந்த முறை நீங்கள் எங்களுக்கு மட்டும்தான் கதைக்கோணும்."

"நான் எல்லாருக்கும் கதைக்கிறவன் எல்லே, தம்பி."

"அந்தக் காலம் முடிஞ்சுது. நேற்றுக் காலமை சிலாவத்துறைக் கூட்டத்தில ஜெஸீம் என்ன கேட்டவன் தெரியுமே? எங்கட ஊருக்குள்ள கோயில்காரன்ர குரல் ஏன் திரியுது, எங்களிட்டக் கதைக்க ஆள் இல்லையா எண்டு. உங்களைத்தான் மாமா. சனம் கை தட்டினதாம்."

ஜெஸீம் அந்தப் பக்கத்து வேட்பாளரின் வலக்கை. அது யாகப்பருக்குப் புதுச் செய்தி. நேற்றுப் பின்னேரம் சரிபுதீன் ஏன் ஒன்றும் கதைக்காமல் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தார் என்று இப்போது விளங்கியது. ஊரூராகப் போய் அவர்களுடைய பிரேதங்களுக்குச் சரியான சொல் தேடிச் சொன்ன வாயைப் பற்றி அப்படிக் கேட்டார்களாம், கேட்டவனுக்குக் கையும் தட்டினார்களாம். அது அவருக்கு நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

றோசம்மா தேத்தண்ணீர்க் கோப்பைகளை வைத்துவிட்டு நின்றாள். "எங்கட பெடியன் வாசலுக்கு வந்து கேக்கிறான். நீங்கள் மாட்டன் எண்டால் நான் எந்த முகத்தோட ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போறது? அண்ணி பக்கத்து வாங்கில எல்லே இருக்கிறவ."

"என்னத்தைச் சொல்லோணும்?" என்றார் யாகப்பர்.

பிரசாந்தன் கைத்தொலைபேசியை நீட்டினான். யாகப்பர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். இந்த மண்ணில் காலங்காலமாக வாழ்பவர்கள் நாங்கள். இடையில் வந்து காட்டை வெட்டிக் குடியேறியவர்கள் எங்கள் கடலையும் காணியையும் சபையையும் கேட்கிறார்கள். இனியும் பார்த்துக்கொண்டிருப்போமா? இருக்க வேண்டியவர்கள் யார், போக வேண்டியவர்கள் யார் என்று முடிவு செய்யும் நாள் வந்துவிட்டது.

"இதை நான் சிலாவத்துறை றோட்டில சொல்லேலாது," என்றார்.

"அங்க ஆர் சொல்லச் சொன்னது? எங்கட ஊருகளுக்கு மட்டும்தான். நீங்கள் வரவும் தேவையில்லை. பதிஞ்சு தாங்கோ, போதும்."

"சரிபு சிலாவத்துறையில பிறந்தவன். அவன்ர வாப்பாவும் அங்கதான். இடையில வந்தவை எண்டு எப்பிடிச் சொல்லுறது?"

"மாமா, உது தேர்தல் கதை. ஆரும் ஆரையும் அனுப்பப் போறேல்ல. அவங்கள் தங்கட கூட்டத்தில எங்களைச் சொல்லுறேல்லையே?"

யாகப்பர் அதுவரைக்கும் தன் குரலைப் பதியக் கொடுத்ததில்லை. எந்த வேலைக்கும் அவரே வண்டிக்குள் இருப்பார். ஆகவே, பதிந்த குரலையும் அவர் அந்த மாதிரியே நினைத்தார். அரிப்புக்குச் சொன்னது அரிப்போடு நிற்கும். அங்கே கேட்கக்கூடாததை அங்கே சொல்லாமல் விடலாம். அவருடைய தொழிலே அப்படி, எதை எங்கே நிறுத்துவது என்பதில்தான் இருந்தது. அந்த நினைப்பில் "ஓம்" என்றார்.

பதிவை றொகானின் வீட்டு அறையில் செய்தார்கள். யன்னலுக்குக் கட்டில் விரிப்பைக் கட்டி, மேசையில் சின்ன மைக் ஒன்றை வைத்தான் பிரசாந்தன். யாகப்பர் தொண்டையைச் செருமிக்கொண்டு மேடைக் குரலில் தொடங்கினார்.

"நிப்பாட்டுங்கோ ஐயா," என்றான் பிரசாந்தன். "உந்தக் குரல் வேண்டாம். உது எல்லாற்ற ஓட்டோவிலயும் கேக்குது. செத்தவீடு சொல்லுவியளே, அதில சொல்லுங்கோ."

"அது செத்தவீட்டுக்கு."

"அதுக்குத்தானே சனம் வெளியில வந்து நிக்கும். மற்றதுக்கு ஆர் வாறான்?"

றொகான் கதவடியில் நின்று தலையாட்டினான்.

யாகப்பர் எழுந்து போயிருக்கலாம். கதிரையைப் பின்னுக்குத் தள்ளக்கூடச் செய்தார். ஆனால் அறைக்கு வெளியே றோசம்மாவும் அண்ணியும் வெகுநாளைக்குப் பிறகு சேர்ந்து சிரித்துக் கதைக்கும் சத்தம் கேட்டது. ஜெஸீமின் கூட்டத்துக் கைதட்டல் வேறு, அவர் கேட்காத கைதட்டல், காதுக்குள் நின்றது. திரும்ப இருந்தார். குரலைத் தணித்துக்கொண்டு தொடக்கத்திலிருந்து வாசித்தார். கடைசி வரிக்கு வந்ததும், பழக்கத்தில், அதை ஒரு தரம் சொல்லி, மூச்சு விட்டு, இரண்டாந்தரம் இன்னும் ஆறுதலாகச் சொன்னார்.

பிரசாந்தன் காதிலிருந்து கருவியைக் கழற்றினான். "அம்மாவாணை மயிர் கூச்செறியுது," என்றான்.

அடுத்த நாள் அது அரிப்புத் தெருவில் வந்தது. யாகப்பர் முற்றத்தில் இருந்தார். தன் குரல் தானில்லாமல் படலையைக் கடந்து போவதைக் கேட்க ஒரு மாதிரியாக இருந்தது. முன்வீட்டுப் பெண் ஈரக் கையோடு ஓடிவந்தாள்.

"ஆர் செத்தது எண்டு ஓடி வந்தனான், உங்கட சத்தம் கேட்டு," என்று சிரித்தாள். பிறகு நின்று கேட்டாள். முழுக்கக் கேட்டாள். அவளுடைய சிரிப்பு மெல்லப் போய்விட்டது. "சரியாத்தான் சொல்லியிருக்கிறியள், அண்ணை," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

இத்தனை வருடத்தில் யாரும் அவருடைய அறிவித்தலைக் கேட்டுவிட்டுச் சரி என்றோ பிழை என்றோ சொன்னதில்லை.

முள்ளிக்குளத்திலும் வேதக்காரர்கள் இருக்கிறார்கள். அங்கே றொகானுக்கு ஒரு கூட்டம். முள்ளிக்குளத்துக்குப் போகிற றோட்டு சிலாவத்துறைச் சந்தியைக் கடந்துதான் போகிறது. ஒரு பின்னேரம் பிரசாந்தன் குழாய் பூட்டிய வாகனத்தில் அந்த வழியாகப் போனான். சந்தி வந்தபோது குரலை நிறுத்த மறந்தானா, அல்லது வேண்டுமென்றே விட்டானா என்று இன்றைக்கும் இரண்டு கதை உண்டு. யாகப்பர் சரிபுதீனின் ஓட்டோவுக்குள் இருந்திருந்தால் முன்னாலிருந்து ஒரு கை நீண்டு விரல்கள் மடங்கியிருக்கும். பதிந்த குரலுக்கு அந்த விரலைத் தெரியாது. பள்ளிவாசலைத் தாண்டியது. சந்தையைத் தாண்டியது. தெருவின் இரண்டு பக்கமும் சனங்கள் வழமைபோல யார் மௌத் என்று கேட்க வாசலுக்கு வந்து நின்றார்கள். வந்து நின்றவர்களுக்கு அந்தக் குரல் சொல்ல வேண்டியதைச் சொன்னது, கடைசி வரியை இரண்டு தரம்.

யாகப்பருக்கு இதில் ஒன்றும் தெரியாது. இரண்டு நாள் கழித்து நானாட்டானில் இருந்து சுகந்தன் என்ற கமக்காரன் அழைத்தான். தகப்பன் நடராசா போய்விட்டாராம். பின்னேரம் எடுக்கிறார்களாம், உடனே வரச் சொன்னான். யாகப்பர் சரிபுதீனுக்கு எடுத்தார். மணி அடித்தது, ஆள் எடுக்கவில்லை. திரும்ப எடுத்தார். மூன்றாந்தரம் தொலைபேசியை அணைத்துவிட்டார்கள். சட்டையை மாட்டிக்கொண்டு சிலாவத்துறை பஸ்ஸில் ஏறினார்.

சந்தியில் இறங்கியபோது அவருடைய குரலே அவரை எதிர்கொண்டது. இருக்க வேண்டியவர்கள் யார், போக வேண்டியவர்கள் யார். பிரசாந்தனின் வாகனம் எங்கேயும் இல்லை. அது ஜெஸீமின் ஆட்கள் போட்டிருந்த கொட்டகையின் குழாயில் இருந்து வந்தது. பதிவு முடிந்ததும் ஜெஸீம் மைக்கைப் பிடித்தான். "கேட்டீங்களா வாப்பாமாரே, உம்மாமாரே. ஒரு தரம் போனோம். இன்னொரு தரம் போகப் போறமா? ஒருத்தரும் வீட்டில இருக்கப்படாது. எல்லாரும் வந்து போடணும்." திரும்பவும் பதிவு ஓடியது.

ஜெஸீம் அவரைக் கண்டுவிட்டான். மைக்கை வைத்துவிட்டு வேலியோரமாக வந்தான்.

"வாங்கோ யாகப்பர். உங்களுக்கு நாங்கள் மாலை போடோணும். மாசக்கணக்காக் கத்தியும் வெளிக்கிடாத சனம், உங்கட ஒரு பேச்சுக்கு வெளிக்கிட்டிட்டுது."

"தம்பி, அதை நிப்பாட்டு. அது இஞ்ச போடுறதுக்கு இல்லை."

"இஞ்ச போடுறதுக்கு இல்லையோ? அப்ப எங்களுக்குக் கேளாமச் சொன்ன கதையோ?" ஜெஸீம் சிரித்தான். "தெருவால போனதைப் போனில பிடிச்சனாங்கள், ஒரு சொல் கூட்டேல்ல, குறைக்கேல்ல. உங்கட குரல், உங்கட பேச்சு. போங்கோ, வெயிலுக்க நில்லாதேங்கோ. உங்கட ஆக்களுக்கு நீங்கள் எவ்வளவு வோட்டு எடுத்துக் குடுத்தியளோ தெரியாது. எங்களுக்கு ஊரையே எடுத்துத் தந்திட்டியள்."

சந்தியில் நின்றவர்கள் யாகப்பரைத் திரும்பிப் பார்த்தார்கள். முகம் தெரியாதவர்கள் கதைத்த குரலைக் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். போன வருடம் தன் வாப்பாவின் ஜனாஸாவை அவர் அறிவித்தபோது அவருடைய கையைப் பிடித்து அழுத ஒருவன், சைக்கிளைத் திருப்பிக்கொண்டு மற்ற ஒழுங்கையால் போனான்.

சரிபுதீனின் வளவில் ஓட்டோ நின்றது. சரிபுதீன் இருக்கையில் ஏறி நின்று கூரையில் இருந்த குழாய்களைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஒன்று ஏற்கெனவே மணலில் கிடந்தது.

"சரிபு."

"வந்திட்டியளோ, அண்ணை." திரும்பாமலே சொன்னார். ஆணி துருப்பிடித்திருந்தது. திருகுசாவி வழுக்கியது.

"நானாட்டானில நடராசா போயிட்டார். பின்னேரம் எடுக்கினம்."

"வேற ஓட்டோ பிடியுங்கோ."

"சரிபு, அது எங்கட ஊருக்கு மட்டும் எண்டுதான் தந்தனான். இஞ்சால கொண்டு வருவாங்கள் எண்டு எனக்குத் தெரியாது."

சரிபுதீன் கீழே இறங்கினார். கைகளைத் துணியில் துடைத்தார். கோபப்படுகிற முகமாக இல்லை. இரண்டு நாள் நித்திரை இல்லாத முகமாக இருந்தது.

"உங்கட ஊருக்கு மட்டும் எண்டால் நல்லதோ, அண்ணை? நாளைக்கு நான் அந்த ஊருக்குள்ளதான் ஓட்டோ ஓட்ட வரோணும்."

சரிபுதீன் துணியை ஓட்டோவுக்குள் எறிந்தார்.

"ஜெஸீம் உங்களைப் பற்றிக் கேட்ட அண்டைக்கு நான் எழும்பிச் சொன்னனான். அந்த மனுசன்ர குரலை எடுக்கிறது எண்டால் என்ர ஓட்டோவையும் எடுங்கோ எண்டு. வெளியில போ எண்டவங்கள். வந்திட்டன். உங்களுக்குச் சொல்லேல்ல, உங்களுக்கு நோகும் எண்டு."

"எழுதித் தந்ததைத்தான் வாசிச்சனான், சரிபு."

"எழுதினது நீங்கள் இல்லை எண்டு எனக்குத் தெரியும். ஒண்டு மட்டும் சொல்லுங்கோ. அந்தக் கடைசி வரியை இரண்டாந்தரம் ஆறுதலாச் சொல்லச் சொல்லி ஆர் சொன்னது?"

வேலிக்கு அப்பால் ஒரு மோட்டார் சைக்கிள் போனது.

"ஒருத்தரும் சொல்லேல்ல," என்றார் யாகப்பர்.

சரிபுதீன் தலையாட்டினார். கழற்றிய ஆணியை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டார்.

"குழாயைத் திருப்பிப் பூட்டு," என்றார் யாகப்பர். "இப்பவே. நான் தெருத் தெருவாப் போய்ச் சொல்லுறன். அது பொய், அது தேர்தல் கதை, ஒருத்தரும் பயப்பிடாதேங்கோ எண்டு. நானே சொல்லுறன். றொகான் என்ன செய்தாலும் செய்யட்டும். றோசம்மா பேசினாலும் பேசட்டும்."

"உங்கட குரலிலயோ?"

"என்ர குரலிலதான். வேற ஆற்ற குரலில?"

"தொண்ணூறில எங்கட தெருவுக்கு முதல் வந்த வாகனமும் பயப்பிடாதேங்கோ எண்டுதான் சொன்னது, அண்ணை. போகச் சொன்னது அடுத்த வாகனத்திலதான் வந்தது." சரிபுதீன் வீட்டுப் பக்கம் பார்த்தார். "ராத்தா அதைக் கேட்டவ. இப்ப இதையும் கேட்டவ."

"அக்கா என்ன செய்யிறா?"

"வந்து பாருங்கோ," என்றார் சரிபுதீன். பிறகு, யோசித்துவிட்டு, "கதைக்காதேங்கோ. சும்மா பாத்திட்டுப் போங்கோ," என்றார்.

கதவில் சீலை இல்லை. கழற்றி மடித்திருந்தார்கள். உள்ளே குளிர்சாதனப் பெட்டி வாய் திறந்து வெறுமையாக நின்றது, கீழே தண்ணீர் வழிந்து காய்ந்த அடையாளம். அலுமாரி பூட்டியிருந்தது. முன்விறாந்தையில், வாசலைப் பார்த்தபடி, நயீமா ஒரு கதிரையில் இருந்தார். தலையில் முட்டாக்கு, காலில் செருப்பு. மடியில் ஒரு துணிப்பை. பையின் வாயில் மருந்துக் குளிசைகளும், இன்னொரு பொலித்தீன் பைக்குள் அடையாள அட்டையும் தெரிந்தன. யாகப்பர் அவரை முதல் தரம் பார்த்தார். சின்ன உருவம். நெற்றியில் தொழுத தழும்பு. அவர் நினைத்திருந்த முகமே இல்லை அது.

நயீமா அவரைப் பார்த்தார். யாரோ வேற்று ஆள் என்று முட்டாக்கை இழுத்துவிட்டுக்கொண்டு தம்பியிடம் கேட்டார்.

"இவர் ஆரு?"

"தெரிஞ்ச ஆள், ராத்தா."

"இரவும் படுக்கேல்ல," என்று சரிபுதீன் தணிந்த குரலில் யாகப்பருக்குச் சொன்னார். "செருப்பைக் கழட்டமாட்டன் எண்டு நிக்கிறா. அண்டைக்குச் செருப்பில்லாமப் போனவ. சுடுமணல். மருத்துவரிட்டக் காட்டினம். பிள்ளைகள் எல்லாரும் சொல்லிப் பாத்திட்டம், இது வோட்டுக் கதை எண்டு. உங்களுக்கு என்ன தெரியும், அவர் பொய் சொல்லுற ஆள் இல்லை எண்டுறா."

"ஆர்?" என்று யாகப்பர் கேட்டார். கேட்ட பிறகுதான் விளங்கியது.

அந்த ஒரு சொல் போதுமாயிருந்தது. நயீமாவின் முகம் திரும்பியது. அவரைப் பார்க்கவில்லை, குரல் வந்த பக்கத்தைப் பார்த்தார். முகத்தில் பயம் இல்லை. காத்திருந்த ஆள் கடைசியில் வந்துவிட்டதைப் போல ஒரு தெளிவு வந்தது.

"தம்பி," என்றார். "வந்திட்டீங்களா. எத்தினை மணிக்குள்ள போகணும்?"

"அக்கா, ஒருத்தரும் போகத் தேவையில்லை," என்றார் யாகப்பர்.

நயீமா கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டு எழும்பினார்.

"இல்லை அக்கா. இருங்கோ. அது பொய். நான் சொன்னது பிழை. நீங்கள் உங்கட வீட்டில இருங்கோ." அவருக்கு வேறு விதமாகச் சொல்லத் தெரியவில்லை. பதறுகிறவர்களுக்கு முன்னால் குரல் தானாகத் தணிந்தது. தணிந்து, "நீங்கள் உங்கட வீட்டில இருங்கோ," என்று இரண்டாந்தரம், ஆறுதலாக, சொன்னது.

நயீமா பையைத் தோளில் போட்டார். "நாங்க ஆயத்தம் தம்பி. இந்த முறை பிள்ளைகளை வெயிலுக்க நிப்பாட்ட வேணாம் எண்டு சொல்லுங்க," என்றார். படியில் ஒரு காலை வைத்தார்.

சரிபுதீன் ஓடிப்போய் ராத்தாவைத் தோளோடு பிடித்துக்கொண்டார். அவர் திமிறவில்லை. பிடித்த கையோடு நின்று, அடுத்தது என்ன என்று கேட்க, யாகப்பரின் வாயையே பார்த்தார்.

"கதைக்காதேங்கோ, அண்ணை," என்றார் சரிபுதீன். கெஞ்சுகிற மாதிரி இருந்தது. "அல்லாவுக்காக. போங்கோ."

சந்திப் பக்கத்தில் இருந்து காற்று மாறி வீசியபோது கொட்டகைப் பதிவு இந்த வளவு வரைக்கும் கேட்டது. யாகப்பர் பின்னுக்கு நடந்தார். மணலில் கிடந்த குழாயைச் சுற்றிப் போனார். எந்த வீட்டில் இருந்து இறங்கினாலும், செத்தவீட்டைத் தவிர, போயிட்டு வாறன் என்று சொல்லிவிட்டுத்தான் இறங்குவார் அவர். இன்றைக்கு அதையும் சொல்லாமல் படலையைத் திறந்து, சத்தம் கேளாமல் சாத்திவிட்டு, பஸ் வருகிற பக்கமாகத் திரும்பினார்.